ஆறு ட்வீட்டர் வைத்த லண்டன் பெட்டி

போன வியாழக்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் என் மகள் ரயிலில் அடிபட்டுச் சாகவில்லை. இப்படி ஆரம்பித்தால்தான் எனக்கு மேலே எழுத வருகிறது. நேற்று சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன், இன்று போடவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். நான் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். ஷெரின் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். மேம்பாலம் இருக்கிறது, எங்கள் ஊரில் அதில் ஏறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். அவள் காதில் இரண்டு பூண்டுப் பல் மாதிரி வெள்ளையாக எதையோ செருகியிருந்தாள். திருவள்ளூர் பக்கமிருந்து, இங்கே நிற்காத வண்டி ஒன்று ஊரையே எழுப்புகிற மாதிரி ஊதிக்கொண்டு வந்தது. நடைமேடையில் எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். வாய் திறந்தது ஞாபகம் இருக்கிறது, சத்தம் ஞாபகமில்லை. கூடையோடு ஓரமாக நின்ற பூக்கார அம்மாதான் அவள் தோள்பையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

"இன்னா பொண்ணு நீ! அம்மாம் பெரிய வண்டி கூவிகினு வருது, நீ பாட்டுக்குத் தலைய ஆட்டிகினு போற? காது கீதா, அத்தயும் ஊட்லயே வெச்சிட்டு வந்தியா?"

வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, அழுது முடித்த பிறகு ஷெரின் எனக்கு விளக்கம் சொன்னாள். "நாய்ஸ் கேன்சலிங் மா. வெளிச் சத்தம் எதுவும் உள்ள வராது. அதுதானே அதோட ஸ்பெஷலே." கடைக்காரன் குரலில் சொன்னாள். கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அதை வாங்கிக் கொடுத்தவள் நான். பிறந்தநாள் பரிசு. மூன்று வாரம் உட்கார்ந்து முகம் தெரியாதவர்கள் எழுதிய மதிப்புரைகளை எல்லாம் படித்துத் தேர்ந்தெடுத்தேன். 'காதில் வைத்ததும் உலகமே மறைந்துவிடுகிறது' என்று ஒருவர் எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். மறைகிற உலகத்தில் ரயிலும் சேர்த்தி என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் ஐந்து நட்சத்திரத்தைத்தான் பார்த்திருப்பேன்.

இப்போது அந்த வெள்ளை டப்பா சமையலறையில் துவரம்பருப்பு டின்னுக்குள் இருக்கிறது. ஒளித்துவைத்திருக்கிறேன். ஷெரினுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒளிப்பதற்குமுன் மூடியைத் திறந்து பார்த்தபோது ஒரு வாசனை வந்தது. புது ஸ்பஞ்சும் புது பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாசனை. இந்த வாசனையை நான் இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் இவ்வளவு பக்கத்தில் மோந்திருக்கிறேன், எங்கள் அப்பா லண்டன் பெட்டி வாங்கிய அன்றைக்கு.

எண்பதுகளின் கடைசி. நான் எட்டாம் வகுப்பு. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் தராதரம் வாசலில் தெரியாது, ஜன்னல் வழியாகக் கேட்கும். ரேடியோ மட்டும் கேட்டால் ஒரு மாதிரி. டேப் ரெக்கார்டர் கேட்டால் அதற்கு ஒரு படி மேல். இரண்டு ஸ்பீக்கரிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தால் அந்த வீட்டில் யாரோ துபாயில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டிலிருந்து அதுவரைக்கும் அம்மாவின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அது இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும்.

அப்பாவுக்குத் திடீரென்று நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், வீட்டில் இருந்த பழைய டேப் ரெக்கார்டர் 'டல்லாக' ஆகிவிட்டது என்பதுதான். அது அவர் சொன்ன காரணம். நாங்கள் யாரும் மறுக்கவில்லை. பழைய பெட்டி, டல்லாகத்தானே ஆகும்? 'டல்' என்ற அந்தச் சொல்லை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு எங்கள் வீட்டில் அதைத்தான் சாப்பிட்டோம்.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஹேமர் ஷாப்பில் இருந்தார். அது இன்னதென்று தெரியாதவர்களுக்கு: ஆட்டுக்கல் அளவு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து அச்சின்மேல் வைப்பார்கள். மேலேயிருந்து ஒரு வீடு உயரச் சுத்தியல் விழும். அது விழும்போது ஒன்றரை மைல் தள்ளி எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வட்டம் போடும். அம்மா அதைப் பார்த்து, "உங்கப்பா வேலையிலதான் இருக்காரு" என்பாள்.

அந்தச் சத்தத்துக்குள் யாரும் பேச முடியாது. அதனால் ஹேமர் ஷாப்பில் எல்லாம் கை பாஷை. முஷ்டியை உயர்த்தினால் 'அடி'. உள்ளங்கையைக் காட்டினால் 'நிறுத்து'. எத்தனை அடி என்பதற்கு விரல். மற்ற விஷயங்களுக்கு உதடு. எதிராளி உதட்டைப் பார்த்தே முழு அரட்டையும் அடிப்பார்கள். அப்பா வீட்டிலும் யார் பேசினாலும் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்பார். சர்ச்சில் அவருக்கு இதனாலேயே நல்ல பேர். "தேவா மாதிரி ஒருத்தர் சொல்றதை இவ்வளவு கவனமா யாரு கேக்குறாங்க?" என்று பாஸ்டர் அம்மாவே சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் கழித்து யோசித்தால், அந்தப் பாராட்டு ஒரு மருத்துவ அறிக்கை.

கம்பெனியில் காதுக்கு வைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். யாரும் வைக்க மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் வைத்துக்கொண்டு வந்த அன்று, அப்பாவின் வேலை ஜோடி ஏழுமலை மாமா அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னா மாமே, பஞ்சு காதுல கீது? மூக்குல வெக்கிற நாளு இன்னும் வர்லியா?" அதோடு அந்த மனிதரும் பஞ்சை எடுத்துவிட்டார். அப்பாவின் பங்குப் பஞ்சு வீட்டுக்கு வரும். அம்மா அதில் விளக்குத் துடைப்பாள், தலையணை அடைப்பாள்.

ஏழுமலை மாமா சென்னீர்குப்பத்துக்காரர். சைக்கிளில் வருவார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கை முதல் ஆளாகச் சாப்பிட்டு, "இன்னா அண்ணி, இட்லிய வறுத்துட்டியா?" என்று கேட்கிற தைரியம் அவருக்கு மட்டும்தான் உண்டு.

வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியில் உடல் பரிசோதனை. காதுக்கு என்ன செய்வார்கள் தெரியுமா? டாக்டர் ஆளைத் திருப்பி நிறுத்திவிட்டு, பின்னால் பத்தடி தள்ளி நின்று, மெதுவாக ஒரு எண் சொல்வார். இவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றம். பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டுவது. ஹேமர்காரர்களுக்கு அதைவிடச் சாவு மேல். ஆகவே அடுத்து வரிசையில் நிற்பவர் வாசற்படியில், இவருக்கு நேர் எதிரே நிற்பார். டாக்டரின் உதட்டைப் பார்த்து, விரலில் எண்ணைக் காட்டுவார். அப்பாவுக்கு ஏழுமலை மாமா காட்டுவார். அடுத்து ஏழுமலை மாமாவுக்கு இன்னொருவர்.

"டாக்டர் இன்னாத்தையோ முப்பத்தாறுன்றாரு. நானு விரல காட்றேன். உங்க நைனா கணீர்னு 'முப்பத்தாறு சார்'ன்றாரு. டாக்டரு இன்னா எழுதறாரு தெரியுமா பாப்பா? 'எக்சலன்ட்'!" மாமா சொல்லிச் சிரிக்க, அப்பாவும் சிரிப்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பெரியவர்களை ஏமாற்றுகிற பெரியவர்கள் என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

ஸ்பீக்கருக்கு வருகிறேன். எங்கள் தெருவில் இந்த விஷயத்தில் அத்தாரிட்டி தனசேகர் அங்கிள். அதே கம்பெனியில் வரைபடப் பிரிவு, சத்தம் புகாத கண்ணாடி அறை. மாமா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, அங்கிள்தான். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்போம். பிறகு கண்ணைத் திறந்து, "ம்... பேஸ் உருளுது. ஆனா நகரல" என்பார், அடிச்சத்தத்தைப் பற்றி. உருள்வதற்கும் நகர்வதற்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்டதில்லை. டாக்டர், வக்கீல், ஸ்பீக்கர் தெரிந்தவர், இவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது என்ற பயம் எங்களுக்கு இருந்தது.

அப்பா, அங்கிள், ஏழுமலை மாமா, நான், நான்கு பேரும் சனிக்கிழமைதோறும் மின்சார ரயிலில் கிளம்பினோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், ஞாயிறு ஆராதனையில் நான் பாடுகிறவள். 'பாப்பாவுக்கு ஸ்ருதி தெரியும்' என்று அப்பாவுக்கு ஒரு பெருமை. கடைக்குக் கடை பெருமை மட்டும்தான், அபிப்பிராயம் யாரும் கேட்கவில்லை.

ரிச்சி தெருவில் மூன்று கடை. மூன்றிலும் அப்பா பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "டல்லா இருக்குப்பா" என்றார். ஏழுமலை மாமா, "ஆமா, அம்மியில மொளகா அரைக்கிற மாதிரி கீது" என்றார். அங்கிள் கடைக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைக்காரர் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருப்பினார். இன்னும் டல். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யோவ், காது கிழியுதுய்யா" என்று கத்தினார். ஏழுமலை மாமா அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, "தொழில் போட்டி" என்று எங்களுக்கு விளக்கினார்.

கடைசியில் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். குளிர்சாதன அறை, சோபா, சுவரெல்லாம் மெத்தை. டை கட்டிய ஒருவர் என் தோள் உயரத்துக்கு இருந்த இரண்டு தேக்கு நிறப் பெட்டிகளைக் காட்டி, லண்டனில் செய்தது என்றார். 'லண்டன்' என்றதும் அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழுமலை மாமா சோபாவில் உட்காரப் பயந்து, கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு பெண் பாடிய பாட்டு. வார்த்தை தொடங்குவதற்குமுன் அவள் மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. தாளம் போட்டபோது அவள் கை வளையல் ஒன்றோடொன்று உரசியதும் கேட்டது. என் முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. பாடுகிறவள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே, வெறும் சுவரில், நின்றுகொண்டிருந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். இதைக் கேட்டுவிட்டு அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

"போர்வையப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

டை கட்டியவர் பணிவாக, "சார், லண்டன்ல இதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"லண்டன்ல பனி. அங்க இப்படித்தான் கேக்கும்" என்றார் அங்கிள். "நம்மூர் வெயிலுக்கு ட்வீட்டர் பத்தாது."

நான், "அப்பா, வளையல் சத்தம்கூட..." என்று தொடங்கினேன். அப்பா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். என் உதடு அவர் கண்ணில் படவில்லை. நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டுரையில் இதை இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவ்வளவு பேசிவிட்டு அதையே வாங்கினார்கள். அப்பா பணத்துக்கு என்ன செய்தார் என்பது அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது, அதை விடுங்கள். வாங்கச் சொன்னது அங்கிள்தான். "பாடி ஃபர்ஸ்ட் கிளாஸ் தேவா. குறை ட்வீட்டர்ல மட்டும்தான். அது நம்ம கையில இருக்கு." ட்வீட்டர் என்றால் ஸ்பீக்கரில் கீச்சுக் குரலுக்கென்று இருக்கும் சின்ன வட்டம்.

பெட்டிகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. தெர்மாகோலைப் பிரித்ததும் அந்த வாசனை. நான் முகத்தை உள்ளே வைத்து மோந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை மாமா கை டிரில்லோடு வந்து, லண்டன்காரன் எத்தனை வருடம் யோசித்துச் செய்தானோ தெரியாத அந்தத் தேக்குப் பலகையில் ஓட்டை போட்டார். ஒரு பெட்டிக்கு ஒன்று. ரிச்சி தெரு ட்வீட்டர். இன்னும் டல். மறுவாரம் இரண்டாவது. "இப்ப கொஞ்சம் கண்ணு முழிச்சிருக்கு" என்றார் அப்பா. ஹேமர் ஷாப்பிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து கேட்டு, ஒருமனதாக 'டல்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு ஓட்டை. பார்த்தால் பணியாரக் கல்லை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். பாட்டுப் போட்டால் தெருநாய் இரண்டு வீடு தள்ளிப் போய்ப் படுத்தது. 'ச' வருகிற ஒவ்வொரு வார்த்தையும் தகரத்தில் ஆணி கீறிய மாதிரி பாய்ந்தது. என் வளையல்காரி போனவள் போனவள்தான்.

"கிளியரா கீது" என்றார் ஏழுமலை மாமா. அப்பா முகத்தில் அப்படியொரு நிறைவு. அம்மா தலையணைக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து, உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு சமைத்தாள். கம்பெனிப் பஞ்சு, கம்பெனி எதற்காகக் கொடுத்ததோ அதற்கு, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பயன்பட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அங்கிளின் மச்சான் ஒரு டெஸ்ட் கேசட் கொண்டுவந்து கொடுத்துத் தொலைத்தார். அதில் பாட்டுக் கிடையாது. ஒரே ஒரு சத்தம். உறுமலில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, விசிலாகி, விசிலுக்கும் மேலே போகும். "எதுவரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் நம்ம செட்டு நல்ல செட்டு" என்றார் அங்கிள். ஆராதனை முடிந்த ஞாயிறு மத்தியானம். அடுப்பில் பிரியாணி. கூடத்தில் அப்பா, ஏழுமலை மாமா, ஹேமர் ஷாப் மூவர், அங்கிள், மூலையில் நான். எல்லோரும் கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். சத்தம் நின்றதும் இறக்க வேண்டும். கட்சிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதுபோல ஏழு கைகள் எழுந்தன.

உறுமல். சொம்பு அதிர்ந்தது. ஏறியது. புல்லாங்குழல் மாதிரி ஆனது. விசில் ஆனது. அப்போது ஒரு கை இறங்கியது, இன்னொன்று, இன்னொன்று. அப்பா கையை இறக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டார். கடைசியாக ஏழுமலை மாமா இறக்கி, "அம்புட்டுதான், டேப்பு முடிஞ்சிச்சி" என்றார்.

விசில் என் பல்லைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. என் கை மேலே இருந்தது. அங்கிள் கையும் மேலே இருந்தது.

சமையலறையிலிருந்து கரண்டியோடு அம்மா வந்தாள். பஞ்சையும் மீறி அவளுக்குக் கேட்டிருக்கிறது. "அந்த விசில முதல்ல நிறுத்துங்க! மண்டைக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி இருக்கு!"

"எந்த விசிலு அண்ணி?" என்றார் ஏழுமலை மாமா. "டேப்பு முடிஞ்சி சும்மா ஓடிகினு கீது."

ஐந்து பேரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் எங்கள் இருவர் கையையும் பார்த்தார்.

அங்கிள் என்ன செய்தார் தெரியுமா? காதருகே பூச்சி எதையோ விரட்டுவதுபோல அந்தக் கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இறக்கினார். "ஆமா, ரெகார்டிங் சரியில்ல. பாதியில கட் ஆயிடுச்சு" என்றார். கண்ணாடி அறைக்காரர், கண்ணை மூடி மூச்சுக்கூடக் கேட்கிறவர், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் கையை இறக்கினேன். விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். உள்ளே போய்ப் பிரியாணியைக் கிளறினாள். அன்று அடிபிடித்துவிட்டது.

சாயங்காலம் அடிபம்பில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் அடித்தேன். நிறுத்தச் சொல்லி உள்ளங்கையைக் காட்டினார். நிமிர்ந்து என் முகத்தை, சரியாகச் சொன்னால் என் உதட்டை, பார்த்தார்.

"பாப்பா, நெசமா சொல்லு. விசில் வந்துச்சா?"

எனக்குப் பதின்மூன்று வயது. 'ஆமா' என்றால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் முழுவதும் தெரிந்தது. பேக்கிங் பிரிவு, அட்டைப்பெட்டி, கயிறு. ஏழுமலை மாமா இல்லாத அப்பா. அதோடு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஆண்கள் கூட்டத்தில் ஒருத்தியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சமையலறைப் பக்கம் போய் நிற்க மனசில்லை.

"இல்லப்பா. அம்மாவுக்குக் குக்கர் சத்தம் கேட்டிருக்கும்."

அப்பா என் உதட்டை விட்டுக் கண்ணை எடுத்தார். பிறகு முகம் மலர்ந்து, "அதானே! உங்கம்மாவுக்குத்தான் காதுல ஏதோ கோளாறு" என்று சிரித்தார். அதன்பிறகு பன்னிரண்டு வருடம் அந்தச் சுத்தியலடியில் நின்றார். சொல்லியிருக்கலாம்.

நான் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். 'ஒலி' என்று ஒரு பாடம் உண்டு. மனிதக் காது இருபது முதல் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். யாராவது வேறு எண் எழுதினால் மார்க்கைக் குறைக்கிறேன்.

தொண்ணூறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொன்றும் அப்பாவுக்கு டல்லானது. முதலில் காலிங் பெல். அப்புறம் போன். அப்புறம் கீர்த்தனையில் பெண்கள் பாடும் வரி. ஆண்கள் வரி மட்டும் கேட்டுக்கொண்டு, பெண்கள் பாடி முடிக்குமுன்பே தாராளமாகப் பாடத் தொடங்கிவிடுவார். என் கல்யாணத்தில் பாஸ்டர், "இந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிறவர் யார்?" என்று கேட்டார். அப்பா பயபக்தியோடு நின்றார். பாஸ்டர் இரண்டாம் முறை கேட்டார். பாஸ்டர் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்துக் கேட்டதால் உதடு தெரியவில்லை. சர்ச்சில் சலசலப்பு. நான் அப்பாவின் கையை அழுத்தினேன். மகள் பிரிவுக்குக் கலங்குகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார். அப்போது மூன்றாவது வரிசையில், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சர்ச்சுக்குள் வந்திருந்த ஏழுமலை மாமா, விபூதி நெற்றியோடு எழுந்து நின்று, முஷ்டியை உயர்த்தினார். 'அடி.'

"நான்!" என்றார் அப்பா. கூரை அதிர்ந்தது. ஹேமர் விழுந்த மாதிரிதான்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. உள்ளே ஷெரின் வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேர், ஆளுக்கு ஒன்று காதில் மாட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் அசைவதில்லை. அப்பா போய்ப் பதினோரு வருடம். ஏழுமலை மாமா அடுத்த வருடமே போனார். தனசேகர் அங்கிள் மகனோடு வெளிநாட்டில். லண்டனா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. லண்டன் பெட்டியில் ஒன்று மழையில் ஊறிப் போயிற்று. இன்னொன்றின்மேல் அம்மா துளசித் தொட்டி வைத்திருக்கிறாள். மூலிகைக்காகத்தான் என்று பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். ட்வீட்டர் ஓட்டைகளில் பல்லி முட்டையிட்டிருக்கிறது. டெஸ்ட் கேசட் என் பீரோவில் இருக்கிறது. போட்டுக் கேட்க மெஷின் இல்லை. போனில் அதே சத்தம் கிடைக்கும் என்கிறார்கள். ஷெரினைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் போடலாம். கையைத் தூக்கச் சொல்லலாம். வியாழக்கிழமையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காதில் அடைத்திருந்ததால்தான் ரயில் கேட்கவில்லை என்று அவள் சொல்கிறாள். அவளும் என் மகள்தானே; அடிபம்படியில் நான் சொன்ன மாதிரி ஒரு பதிலை அவளாலும் சொல்ல முடியும்.

இன்று காலை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. பருப்பு டின்னைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நான் பின்னால் போய், பத்தடி தள்ளி நின்று, மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னேன்.

"எழுபத்தேழு."

துண்டு நின்றது.

"என்னம்மா, எழுந்துக்கவா?" என்றாள், திரும்பாமலே.

என்னவோ கேட்டிருக்கிறது. எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. தலை துவட்டுகிறவளிடம் திடீரென்று எழுபத்தேழு என்றால் யாருக்குத்தான் சரியாகக் கேட்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு எண் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு எதிரே ஜன்னலைப் பார்த்தேன். வெறும் ஜன்னல். விரல் காட்ட அங்கே யாரும் நிற்கவில்லை.